பழைய குவார்டெட் இசைத்தட்டுகளைக் கேட்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1925இல் மைக்ரோஃபோன் வரும் வரை, குவார்டெட் எனும் நால்வர் குழுவின் இரண்டு வயலின், வியோலா, செல்லோ ஆகிய நான்கின் ஒலியும் ஒரு கூம்பின் வழியாகவே மெழுகுத்தட்டில் பதிந்தது. கூம்பு தாழ்ந்த சுரங்களைச் சரியாக வாங்காது. ஆகவே 1913 முதல் விக்டர் நிறுவனத்துக்கு வாசித்த ஃப்ளோன்சலே குவார்டெட்டின் தொடக்ககாலத் தட்டுகளில் செல்லோ மெலிந்து ஒலிப்பதைக் கேட்டு, அதை வாசித்த தார்ஷாம்போ அடக்கி வாசிப்பவர் என்று தீர்ப்புச் சொல்வது தவறு. அக்குழு 1929இல் கலைவதற்கு முன் மைக்ரோஃபோன் வழியான மின்முறையிலும் பதிவு செய்திருப்பதால், எந்தத் தட்டு எம்முறையில் பதிவானது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறே அதிகம் காணப்படுகிறது: காதுக்குப் பழகாத எதையும் பதிவுக் கருவியின் குறையாகவோ வாசித்தவரின் கவனக்குறைவாகவோ தள்ளிவிடுவது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரலை இழுத்துச் செல்லும் போர்ட்டமென்டோ, கர்நாடக இசையில் ஜாரு கேட்டுப் பழகிய நமக்கு அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. அன்றைய கலைஞர்கள் அதை எங்கே இடுவது, எங்கே தவிர்ப்பது என்று தேர்ந்தே வாசித்தனர். அதற்காக எல்லாக் குழுக்களுக்கும் ஒரே ‘பழைய பாணி’ இருந்தது என்று எண்ணுவதும் பிழை. 1863இல் பிறந்த வியன்னாவின் அர்னால்ட் ரோசே 1927இலும், பாரிஸின் லூசியன் காப்பே தாம் இறந்த 1928ஆம் ஆண்டிலும் தத்தம் குழுவினருடன் பதிந்த பேத்தோவன் படைப்புகளில், விரலை அசைத்துச் சுரத்தை அதிரவிடும் வைப்ராட்டோ மிகச் சிக்கனமாக வருகிறது. அவர்களுக்கு ஒரு தலைமுறை இளையவரான ஹங்கேரியின் யெனோ லேனர் குழுவோ, ஏறத்தாழ அதே ஆண்டுகளில், ஒவ்வொரு சுரத்தையும் அதிரவிட்டு இழைக்கிறது. காப்பேயின் தெளிவே எனக்கு உவப்பானது. ஆனால் லேனர் குழுவின் குழைவும் திட்டமிட்டுச் செய்ததே.

பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கரை நிமிடம் வரையே கொள்ளும். மீள்வாசிப்பு விடுபட்டிருப்பதையும், கூம்புக் காலத் தட்டுகளில் பகுதிகள் வெட்டப்பட்டிருப்பதையும் வாசித்தவர்களின் இசைக் கருத்தாகக் கொள்ளலாகாது. வேகத்தையும் அப்படியே நம்பக் கூடாது: நிமிடத்துக்கு 78 சுற்று என்பது அன்று எல்லாரும் கடைப்பிடித்த அளவன்று. 80 சுற்றில் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய கால் தொனி இறங்கி, வாசிப்பும் சோர்ந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் பிரதிகள் பலவற்றில் இது திருத்தப்படவில்லை.

பெயர்களும் ஏமாற்றும். 1917இல் தோன்றிய புடாபெஸ்ட் குவார்டெட்டில் 1936க்குப் பின் ஒரு ஹங்கேரியர்கூட இல்லை. ரஷ்யப் பேரரசில் பிறந்த நால்வரே அப்பெயரில் புகழ்பெற்றனர். எனவே அவர்களுடைய பிற்காலத் தட்டுகளில் ‘ஹங்கேரிய மரபு’ தேடுவது வீண். போஹீமியன் குவார்டெட் 1928இல் பதிந்த, செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ‘அமெரிக்கன்’ குவார்டெட் என்ற படைப்பில் இரண்டாம் வயலின் வாசித்தவர் த்வோர்ஷாக்கின் மருமகன் யோசஃப் சுக் என்பது உண்மைதான். ஆனால் அது எழுதப்பட்டது 1893இல். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியை உறவுமுறை நிரப்பிவிடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற வயலின் கலைஞரான யோவாகிம் 1903இல் பதிந்தவை தனி வயலின் வாசிப்புகளே. அவருடைய குவார்டெட்டின் தட்டு எதுவும் இல்லை. அவர் மாணவர் கார்ல் கிளிங்லரின் குழு பதிந்தவற்றை அதற்கு மிக அருகிலுள்ள சான்றாகக் கேட்கலாம், யோவாகிமின் வாசிப்பாகவே கேட்கக் கூடாது.