வகுப்புக்கு ஒரு வலைப்பூ: ஒன்பதாம் வகுப்புத் தமிழய்யாவின் செய்முறை

திருச்செந்தூருக்கும் உடன்குடிக்கும் நடுவில், தேரிமண் என்கிற செம்மணல் செருப்பில் ஏறி வகுப்பறை வரைக்கும் வந்துவிடும் ஊர் எங்களுடையது. ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன். வகுப்புக்கென்று வலைப்பூ (பிளாக்) வைத்து இது ஐந்தாவது ஆண்டு. முதல் ஆண்டு படுதோல்வி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் பலரும் போய் விழுவது அந்தக் குழியில்தான்.

ஜூன் மாதம் ஆசையாக வலைப்பூவைத் திறந்தேன். கட்டுரைப் பயிற்சி எல்லாவற்றையும் அதில் ஏற்றச் சொன்னேன். 'நீர் மேலாண்மை' என்ற தலைப்பில் 31 கட்டுரைகள் வந்தன. அதில் 27 கட்டுரைகள் 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கின. குறளில் இருப்பது 'நீரின்று'. அதைக்கூட ஒருவரும் பார்க்கவில்லை. நோட்ஸில் இருந்த வரிசையே, நோட்ஸில் இருந்த உட்தலைப்புகளே. பத்துக் கட்டுரைக்கு மேல் என்னாலேயே படிக்க முடியவில்லை. நானே படிக்காததை வேறு யார் படிப்பார்கள்? கட்டுரை நோட்டு கணினிக்குக் குடிபெயர்ந்தது, அவ்வளவுதான் நடந்தது. தீபாவளிக்கு முன்பே மூடிவிட்டேன்.

மறு ஆண்டு ஒரே ஒரு விதி வைத்தேன். எந்த நோட்ஸிலும் கிடைக்காத, உன் வீட்டிலோ தெருவிலோ ஒருவருக்காவது தெரிந்த விஷயத்தை எழுது. எழுதியதை அந்த ஆளிடமே படித்துக் காட்டு. அவர் சரி என்று சொன்ன பிறகுதான் வலையேற்றம்.

ஒரு பிள்ளையின் அப்பா பனையேறி. அவள் எழுதியிருந்த முதல் வரி: 'என் அப்பா தினமும் பனைமரம் ஏறிப் பதநீர் பறிப்பார்.' இலக்கணப் பிழை இல்லை, நானும் டிக் போட்டுவிட்டேன். வீட்டில் படித்துக் காட்டியிருக்கிறாள். மறுநாள் நோட்டோடு வந்து நின்றாள். "ஐயா, எங்கப்பா சிரிக்காங்க. பறிக்கதுக்கு அது என்ன மாங்காயான்னு கேக்காங்க." பிறகு அப்பா சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டு வந்தாள். பாளையைக் கடிப்பு என்கிற இடுக்கி வைத்து நசுக்கிப் பதப்படுத்த வேண்டும், நுனியைச் சீவ வேண்டும், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்ட வேண்டும், பிறகுதான் இறக்க வேண்டும். சுண்ணாம்பு தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். பாளையை ஒருநாள் சீவாமல் விட்டால் ஊறல் நின்றுபோகும், அதனால் பருவம் முடிகிறவரை அப்பாவுக்கு லீவே கிடையாது. கடைசியில் சொன்ன செய்தி எனக்கே புதிது. 'பறிப்பார்' போய் 'இறக்குவார்' வந்தது. நான் சிவப்பு மையால் பத்து தடவை சுழித்திருந்தாலும் அந்தத் திருத்தம் வந்திருக்காது. என்னை விட அந்தப் பதிவுக்கு அதிகாரம் உள்ள வாசகர் அவள் வீட்டுத் திண்ணையில் இருந்தார்.

வலைப்பூவை வகுப்பில் வைப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். மற்றதெல்லாம் ஏற்பாடு.

ஏற்பாட்டுக்கு வருவோம். நான் பயன்படுத்துவது பிளாகர். 1999-இல் தொடங்கி, 2003-இல் கூகுள் கைக்குப் போனது, இன்றும் இலவசம். வேர்ட்பிரஸ்ஸும் நல்லதுதான், ஆனால் பள்ளிக் கணினியில் வேகமாகத் திறப்பது எங்களுக்கு பிளாகர். உங்கள் சொந்த ஜிமெயிலில் திறக்காதீர்கள். வகுப்புக்கென்று தனி மின்னஞ்சல் தொடங்கி, கடவுச்சொல்லை எழுதி உறையில் ஒட்டித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். நாளைக்கே மாறுதல் உத்தரவு வந்தால் வலைப்பூவும் உங்களோடு பெட்டி கட்டக்கூடாது.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டவே வேண்டாம். தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி; ஒன்பதாம் வகுப்பில் அதைத் தாண்டியிருப்பார்கள் என்றாலும், 31 கடவுச்சொல் மறந்துபோகும் தலைவலி யாருக்கு? எல்லாரும் வகுப்புக் கணக்கில்தான் எழுதுகிறோம். அடியில் பெயரின் முதலெழுத்தும் வகுப்பும் மட்டும். ஊர்ப்பெயர், தெரு, தொலைபேசி எண் எதுவும் கிடையாது.

ஒப்புதல் கடிதத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லாரையும் குழந்தை என்றே கொள்கிறது; பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே நான் கடிதம் வாங்குகிறேன். அரைப் பக்கம், எளிய தமிழ்: பிள்ளை எழுதியது இணையத்தில் வரும், முழுப்பெயர் வராது, முகம் வராது, எப்போது சொன்னாலும் எடுத்துவிடுவோம். கையெழுத்துப் போடத் தயங்கும் வீட்டுக்கு நேரில் போய் என் போனில் பழைய பதிவு ஒன்றைக் காட்டுவேன். அப்படியும் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளைக்கு, மற்றவர்கள் பதிவில் பிழை பார்க்கும் மாணவர்களின் ஆசிரியர் குழுவில் வேலை. எழுத்துப்பிழை பார்ப்பதில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த கண் அப்படி வந்ததுதான்.

படம் எடுத்தால் கைகளை எடுங்கள். பாளை சீவும் கை, பூக்கட்டும் கை, வலை பின்னும் கை. முகத்தைவிட அதில்தான் வேலை தெரிகிறது. போன் கேமராவில் இருப்பிடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிட்டு எடுங்கள். கூகுளில் தேடி எடுத்த படத்தை ஒட்டினால் பதிவைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்து, தமிழில் தட்டச்சு. பாதிப் பேர் கைவிடுவது இந்த இடத்தில். முதல் ஆண்டு ஒரு பையன் டிடிபி கடையில் காசு கொடுத்து அடித்துக்கொண்டு வந்தான். பென்டிரைவிலிருந்து எடுத்து ஒட்டினால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும். கடைக்காரர் பாமினியில் அடித்திருக்கிறார். பாமினி, வானவில் மாதிரியான பழைய எழுத்துருக்கள் அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும்தான் தமிழாகத் தெரியும். இணையத்துக்கு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு வேண்டும். மாற்றித்தரும் கருவிகள் உண்டு, ஆனால் காசு கொடுத்து அடிக்கிற பழக்கத்தையே வெட்டிவிடுவது நல்லது. ஆய்வகத்தில் தமிழ்99 விசைப்பலகை சொல்லிக்கொடுக்கிறேன். உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலு விசை போதும். இரட்டித்தால் புள்ளி தானாக விழும். மூன்று வாரத்தில் கை பழகிவிடுகிறது. ஒற்று மிகும் இடம் பற்றிய பாடத்தைவிட, ஒற்றுக்காக ஒரு விசையை விரல் தேடும்போது சில பிள்ளைகளுக்கு விதி உறைக்கிறது.

வீட்டில் போன் வைத்திருப்பவர்கள் பேசித் தட்டச்சு செய்கிறார்கள். தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் அது நிறுத்தற்குறி போடாது, எங்கள் ஊர்ப் பேச்சும் அதற்குப் பிடிபடாது. 'அப்பா பதனி எடுத்தாங்க' என்று ஒருத்தி சொன்னதை 'அப்பா பணி எடுத்தாங்க' என்று எழுதிவைத்தது. அந்த வரியைக் கரும்பலகையில் எழுதி அன்றைக்கு முழுப் பாடவேளையும் நடத்தினேன்.

எங்கள் ஆய்வகத்தில் ஓடுகிற கணினி பத்து. கணினிக்கு மூன்று பேர்: ஒருவர் அடிப்பார், ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிப்பார், மூன்றாமவர் திரையில் பிழை பார்ப்பார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். மாறாவிட்டால் நன்றாக அடிக்கிற பையனே கடைசி வரை உட்கார்ந்திருப்பான். மிஞ்சுகிற ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வலையேற்றுவார். ஆளுக்கொரு வாரம் அந்த நாற்காலி. அதற்குப் போட்டி நடக்கிறது.

ஒரு பதிவுக்கு இரண்டு வாரம் எடுத்துக்கொள்கிறோம். முதல் வாரம் பேனாவும் நோட்டும்தான். எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை வெட்ட வேண்டும். பிறகு வீட்டு ஆளிடம். அப்புறம் தட்டச்சு, ஆசிரியர் குழு, கடைசியில் நான். நான் இரண்டு பிழைக்கு மேல் திருத்துவதில்லை. எல்லாவற்றையும் திருத்தி வழவழப்பாக்கினால் அது வாத்தியார் பதிவாகிவிடும், பிள்ளையே அடுத்த தடவை படிக்க மாட்டான்.

பிளாகரில் ஒரு சின்னக் குசும்பு. தலைப்பைத் தமிழில் கொடுத்து வெளியிட்டால் பதிவின் முகவரியில் 'பிளாக்-போஸ்ட்' என்றும் ஏதோ ஓர் எண்ணும்தான் வரும். ஐம்பது பதிவு ஆனபிறகு எது எது என்று தெரியாது. வெளியிடும் முன் வலப்பக்க அமைப்பில் நிரந்தர முகவரி என்ற இடத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு சொல் போட்டுவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றுவது தொந்தரவு.

பின்னூட்டம் எப்போதும் மட்டுறுத்தலில் இருக்கட்டும்; நீங்கள் பார்த்து அனுமதிக்காமல் ஒன்றும் வெளிவரக்கூடாது. நானும் தமிழ்மணம் என்ற வலைப்பதிவுத் திரட்டி கொடிகட்டிப் பறந்த நாட்களில் பதிவு எழுதியவன்தான். 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று முதல் ஆளாக வந்து துண்டு போடுகிறவர்களையும், பெயரில்லாமல் வந்து திட்டுகிறவர்களையும் பார்த்தாயிற்று. எங்கள் வகுப்பில் 'சூப்பர்', 'அருமை' இரண்டும் தடை. பின்னூட்டம் என்றால் ஒரு கேள்வி இருக்க வேண்டும். கருப்பட்டி காய்ச்சுவது பற்றிய பதிவுக்கு ஒருவன் கேட்டான்: 'பாகு பதம் வந்ததை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?' எழுதியவள் பாட்டியிடம் ஓடினாள். அடுத்த பதிவு அந்தப் பதிலிலிருந்து பிறந்தது.

ஒன்றை மட்டும் வலையேற்றவில்லை. ஒரு பிள்ளை வீட்டில் நடக்கும் குடிச்சண்டையை அப்படியே எழுதிக் கொடுத்திருந்தது. அந்த ஆண்டு வந்ததிலேயே நல்ல எழுத்து அதுதான். நோட்டை என்னிடமே வைத்துக்கொண்டு, பிள்ளையோடு பேசி, அம்மாவை வரச்சொல்லிப் பேசினேன். உண்மையாக எழுதச் சொன்னால் இப்படியும் ஒன்று வரும். ஆரம்பிக்கும் முன்பே அதற்குத் தயாராக இருங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் கையில் இருக்கட்டும்.

மதிப்பெண்ணுக்கு வகுப்புச் செயல்பாடாகக் காட்டிக்கொள்ளலாம். வரைவு நோட்டுக்குத்தான் மதிப்பெண் போடுகிறேன், பதிவுக்கு இல்லை. பார்வையிட வந்த ஓர் அதிகாரி வரைவுகளைப் புரட்டவே இல்லை. பக்கத்தின் மேலே ஓடுகிற எழுத்து வைக்கலாமே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வைக்கவில்லை.

மற்றப் பாடக்காரர்களும் சேரலாம். எங்கள் கணக்கு டீச்சர் மாதம் ஒரு 'தப்பான கணக்கு' போடுகிறார்: பிள்ளை செய்த தவறான படி, ஏன் அப்படித் தோன்றியது என்ற விளக்கம், பிறகு சரியான படி. அறிவியல்காரர் மொட்டைமாடியில் மழைமானி வைத்து ஐப்பசி, கார்த்திகையில் தினமும் மில்லிமீட்டர் குறிக்கச் சொல்கிறார். இரண்டுமே என் பதிவுகளைவிட அதிகம் படிக்கப்படுகின்றன என்பதில் எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

ஏப்ரலில் எல்லாவற்றையும் காப்பு எடுத்துப் பென்டிரைவில் போட்டுவிட்டு, ஆளுக்கொரு பதிவை அச்செடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறோம். பனையேறியின் வீட்டுக்குப் போன தாள் இரண்டு நாளில் திரும்பி வந்தது. 'சுண்ணாம்பு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'நீத்த சுண்ணாம்பு.' தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு என்று பொருள். பிள்ளை பதிவைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சேர்த்தாள்.