சோலார் இன்வெர்ட்டர் பக்கத்து ஸ்விட்ச்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024இல் பிஎம் சூர்யா கர் மானியம் வந்த பிறகு (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை என்று நம்ம பக்கம் மொட்டை மாடிகளில் பேனல் ஏறிக்கொண்டே இருக்கிறது. வீட்டு வயரிங் செய்துகொண்டிருந்த தம்பிகள் பலர் இந்த வேலைக்கு வந்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: இன்வெர்ட்டருக்கு இரண்டு பக்கமும் மாட்டும் ஸ்விட்ச். பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கு வருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட்; இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கான ஏசியாக மாற்றித் தருகிறது. எர்த் போடு, ஸ்க்ரூவை இறுக்கு என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

டிசி பக்கத்தில் ஏசி எம்சிபி

இதைப் பார்த்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. சத்துவாச்சாரியில் ஒரு வீடு. நடு மதியம் இன்வெர்ட்டரில் ஏதோ எரர் காட்டியதும், வீட்டுக்காரர் டிசி பெட்டியில் இருந்த எம்சிபியை (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் ஸ்விட்ச்) ஆஃப் செய்திருக்கிறார். லீவர் கீழே வந்துவிட்டது, கரண்ட் நிற்கவில்லை, உள்ளே ஆர்க், அதாவது இடைவெளியில் தாவும் மின்பொறி, பிடித்து எரிந்திருக்கிறது. நான் போனபோது எம்சிபி உருகிப் பெட்டியோடு ஒட்டிக் கிடந்தது; முகப்பில் '415 வோல்ட்', அதன் பக்கத்தில் ஏசிக்கான நெளிகோடு, அது மட்டும் கருகாமல் தெரிந்தது. மாட்டிய பையன், “ஆம்பியர் சரியாத்தான் போட்டேன்ணா” என்கிறான்.

ஆம்பியர் மட்டும் பார்த்தால் போதாது தம்பி. ஏசி கரண்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அந்த இடத்தில் ஆர்க் அணைந்துவிடும். டிசியில் அந்தப் பூஜ்யம் வரவே வராது. 540 வாட் பேனல் ஒன்று ஏறக்குறைய 50 வோல்ட், பத்தை வரிசையாகக் கோர்த்தால் 500, மார்கழிக் காலைக் குளிரில் இன்னும் ஏறும். அதோடு, ஷார்ட் ஆனாலும் பேனல் கொடுக்கும் கரண்ட் வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடும், அதனால் எம்சிபி டிரிப் ஆகிக் காப்பாற்றும் என்றும் நம்ப முடியாது.

டிசி பக்கத்துக்கு ஐசோலேட்டர் (லைனைக் கையால் துண்டிக்கும் ஸ்விட்ச்) வாங்கும்போது ஐஇசி 60947-3 (சர்வதேசத் தரம்), டிசி-பிவி2 (சோலார் டிசிக்கான வகை) என்று அச்சிட்டதாகப் பாருங்கள். நாலு போல் (உள்ளே நாலு தனித்தனி இணைப்பு) ஐசோலேட்டர் என்றால், அதில் போட்டிருக்கும் வோல்ட் எத்தனை போலைத் தொடராக இணைத்தால் கிடைக்கும் என்று கூட வரும் தாளில் படம் இருக்கும், அதைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். டிசி எம்சிபியே போட்டாலும், பிளஸ் மைனஸ் குறித்திருந்தால் திருப்பி இணைக்கக் கூடாது. ஆர்க்கை அணைக்க வைத்த காந்தம் அதைத் தப்பான பக்கம் தள்ளிவிடும்.

ஓடும்போது எம்சி4 கனெக்டரைப் பிடுங்குவது

எம்சி4 என்பது பேனல் வயர்களை இணைக்கும் பிளக். கரண்ட் ஓடும்போது அதைப் பிடுங்கக் கூடவே கூடாது. முதலில் ஏசி ஸ்விட்சை அணையுங்கள், அப்புறம் டிசி, கடைசியாகத்தான் கனெக்டர்.

ஏசி ஐசோலேட்டரை வீட்டுக்குள் ஒளித்து வைப்பது

பீரோவுக்குப் பின்னால் மாட்டியதையே பார்த்திருக்கிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் 2013 விதிமுறைப்படி, கையால் இயக்கும் ஐசோலேட்டர் இருக்க வேண்டும், ஆன் நிலையா ஆஃப் நிலையா என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும், ஆஃபில் வைத்துப் பூட்ட முடிய வேண்டும், ஈபி ஆட்கள் யாரையும் கேட்காமல் எந்த நேரமும் அதை எட்ட வேண்டும். கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுமே என்று வாதாடாதீர்கள், கம்பத்தில் ஏறுகிற லைன்மேனுக்கு அவரே போட்ட பூட்டுதான் உறுதி.

வெயிலில் பெட்டி

வேலூர் மே மாத வெயிலுக்கு ஸ்விட்ச் பெட்டியை மேற்குச் சுவரில் மாட்ட வேண்டாம்.

லேபிள்

எது டிசி, எது ஏசி, எதை முதலில் அணைப்பது. தமிழில் எழுதி ஒட்டுங்கள்.