நஸ்லாக் விதி போடும்போது செய்யக்கூடாத தவறுகள்

போகிமான் கேமைச் சும்மா ஆடினால் தோற்பதுதான் கஷ்டம். சண்டையில் மயங்கி விழுந்த போகிமானைச் சென்டரில், அதாவது கேமுக்குள் இருக்கும் சிகிச்சை நிலையத்தில், கொடுத்தால் அரை நிமிடத்தில் துள்ளிக்கொண்டு திரும்பி வரும். 2010-ல் நிக் ஃபிராங்கோ என்பவர் போகிமான் ரூபி என்ற கேமை ஆடும்போது தனக்குத்தானே இரண்டு விதி போட்டுக்கொண்டார். ஒரு பகுதியில் முதலில் எதிர்ப்படுவதை மட்டும்தான் பிடிக்கலாம். மயங்கினால் செத்ததாகக் கணக்கு. அந்த ஆட்டத்தை அவர் காமிக்ஸாக வரைந்து போட, அதில் 'லாஸ்ட்' டிவி தொடரின் ஜான் லாக் முகத்தோடு வந்த நஸ்லீஃப் என்ற போகிமானால் 'நஸ்லாக்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

இரண்டு வரி விதிதானே என்று வீடியோ தொடரை ஆரம்பித்துத்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஆடியது போகிமான் எமரால்ட். ரூட் 101 என்ற பகுதியில் பூச்சியேனா என்ற போகிமான் கிடைத்தது. ரூட் 102-லும் முதலில் வந்தது பூச்சியேனாதான். "ஏற்கெனவே கையில் இருப்பது வந்தால் கணக்கில்லை" என்று அந்த நிமிடமே மைக்கில் அறிவித்துவிட்டு மறுபடி புல்லுக்குள் நடந்தேன். வந்தது ரால்ட்ஸ். அந்த ரூட்டில் அது கிடைப்பதே அபூர்வம், வளர்ந்தால் கார்டவோர் என்ற பலமான போகிமான் ஆகும். விதியில் தப்பில்லை, நஸ்லாக் ஆடுபவர்களில் பெரும்பாலோர் இந்தச் சலுகையை வைத்துத்தான் ஆடுகிறார்கள். ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் அதை அறிவித்ததால், பார்க்கிறவர்களுக்கு அது அழுகுணி ஆட்டமாகத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ரால்ட்ஸ் ஜெயித்த எந்தச் சண்டைக்கும் மரியாதை இல்லை.

ஆகவே, எந்தெந்த இடத்தில் விதி பல்லிளிக்கும் என்று முதல் எபிசோடுக்கு முன்பே யோசித்து எழுதி வையுங்கள். அதற்கு ஆடப்போகும் கேம் தெரிந்திருக்க வேண்டும். எமரால்டில் ரூட் 103-ல் முதல் சண்டை முடிந்து ஆய்வகத்துக்குத் திரும்பிய பிறகுதான் போகிமானைப் பிடிக்கும் பந்து கைக்கு வரும். அதுவரை எதிர்ப்பட்டவை கணக்கில் சேருமா? கிரானைட் குகையில் முதலில் வருவது ஏப்ராவாக இருந்து, அது டெலிபோர்ட் அடித்து ஓடிவிட்டால் அந்த இடம் போனதுதானா? பல தளம் உள்ள குகை ஒரே பகுதியா, தளத்துக்கு ஒன்றா? விஷம் ஏறியது நடக்க நடக்க உயிர் குறைந்து சண்டைக்கு வெளியிலேயே விழுந்தால் அதுவும் சாவா? எமரால்ட் உள்ளிட்ட மூன்றாம் தலைமுறை கேம்களில் இது உண்மையான ஆபத்து. நான்காம் தலைமுறையில் ஒரு புள்ளி உயிரோடு நின்றுவிடும், ஐந்தாவதிலிருந்து நடக்கும்போது விஷம் ஒன்றும் செய்யாது. வேறு கேமுக்கு எழுதிய பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டால் இப்படித்தான் உதைக்கும்.

லெவலுக்கு வரம்பு போடாமல் விடுவது இன்னொரு தவறு. புல்லுக்குள் இரண்டு மணி நேரம் சுற்றி லெவலை ஏற்றிக்கொண்டு போனால் ஊருக்கு ஊர் ஒரு தலைவரை ஜெயிக்க வேண்டிய ஜிம் எதுவும் பயமுறுத்தாது, சாவு விதி இருந்தும் இல்லாத மாதிரிதான். அடுத்த ஜிம் தலைவரிடம் உள்ள மிக உயர்ந்த லெவலைத் தாண்டக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. எமரால்டில் ரொக்சானின் நோஸ்பாஸ் 15, பிராலியின் மக்குஹிட்டா 19, வாட்ஸனின் மனெக்ட்ரிக் 24 என்று போகும். சண்டை நடுவில் தாண்டினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஸ்வார்ட், ஷீல்ட் கேம்களில், சண்டையில் இறங்காத போகிமானுக்கும் அனுபவப் புள்ளி கொடுக்கும் எக்ஸ்ப் ஷேரை அணைக்கவே முடியாது. அங்கே வரம்பைக் காக்க ஆட்களை அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. முதல் தொடரிலேயே மருந்து கூடாது, ஒரே வகை போகிமான்தான், சென்டருக்கு மூன்று முறைதான் என்று அடுக்குவார்கள். ஒவ்வொரு விதியும் ஆட்டத்தில் எந்த முடிவை மாற்றுகிறது என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லாததை அடித்துவிடலாம். மூன்றாம் தலைமுறையில் பதினாறில் ஓர் அடி கிரிட்டிகலாக விழுந்து இரட்டிப்பு சேதம் தரும். கஷ்டத்துக்கு அதுவே போதும். முதல் தடவைக்கு லெவல் வரம்பும், சண்டைக்குள் பையைத் திறக்காமல் இருப்பதும் சரியாக இருக்கும் என்பது என் கணக்கு.

பெயர் வைப்பதைச் சிலர் நேரம் வீண் என்று தாண்டிப் போகிறார்கள். வைத்துப் பாருங்கள், பூச்சியேனா செத்தால் ஒன்றும் தோன்றாது, 'கருப்பன்' செத்தால் எபிசோடே கனத்துப் போகும். கணினியில் எமுலேட்டர் வைத்து ஆடினால், நினைத்த நொடிக்குத் திரும்பிப் போக வைக்கும் சேவ் ஸ்டேட்டைத் தொடமாட்டேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கை தவறி பட்டனை அழுத்தியதற்கு மன்னிப்பு என்றெல்லாம் ஒரு வரி எழுதாதீர்கள், எல்லாச் சாவும் கை தவறியதாகவே ஆகிவிடும்.

கடைசியாக, தொடர் எப்போது முடியும் என்பது. கையில் உள்ள ஆறும் விழுந்தால் ஆட்டம் முடிந்ததா, பிடித்த மற்றவற்றைச் சேமித்து வைக்கும் பெட்டியில் மிச்சம் இருந்தால் தொடரலாமா? இரண்டில் எதுவானாலும் சரி, சாவதற்கு முன் முடிவு செய்திருக்க வேண்டும். என் இரண்டாவது தொடரில், ஜிம் தலைவர் நார்மனிடம் உள்ள, ஒரு முறை விட்டு ஒரு முறைதான் அடிக்கும் ஸ்லேக்கிங், அந்த ஒவ்வோர் அடியிலும் ஒன்றைச் சாய்த்தது. பெட்டியில் இன்னும் நாலு இருந்தன, அதில் ஒன்று நல்ல லெவல் வேறு. முதல் எபிசோடில் "ஆறும் விழுந்தால் முடிந்தது" என்று நானே படித்துக் காட்டியிருந்தேன். கொஞ்ச நேரம் பெட்டியைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்தினேன்.