காரின் வெளிப்புற பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றிச் சுத்தம் செய்வது எப்படி? வைப்பருக்குக் கீழிருந்து தொடங்குவோம்

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை காரைத் திறந்தேன். முன்சீட்டின் இடது பக்கம், கால் வைக்கும் இடம் முழுக்க ஈரம். ஜன்னல்கள் மூடித்தான் இருந்தன. மிதியடியைத் தூக்கிவிட்டு கார்பெட்டை அழுத்தினால் தண்ணீர் கசிந்து வந்தது. ஏசி தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கும் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். அதைச் சுத்தம் செய்தும் கொடுத்தார்கள். அடுத்த மழையிலும் அதே ஈரம். கடைசியில் வைப்பருக்குக் கீழே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கை நானே கழற்றினேன். நான்கு வருட வேப்பஞ்சருகு உள்ளே மக்கி, மண்ணாகவே மாறிக் கிடந்தது. மழைத்தண்ணீர் வெளியேற வேண்டிய துளை அந்த மண்ணுக்கடியில் புதைந்திருந்தது.

அந்த பிளாஸ்டிக்குக்குக் கவுல் என்று பெயர். முன்கண்ணாடியில் வழியும் மழைத்தண்ணீர் அதன் சல்லடை வழியாகக் கீழே ஒரு தகரத் தொட்டியில் விழுந்து, இரண்டு ஓரங்களிலும் உள்ள துளைகள் வழியாக வெளியே போகும். ஏசிக்கு வெளிக்காற்று போகும் வாயும் அதே தொட்டியில்தான் இருக்கிறது. துளை அடைத்துக்கொண்டால் தண்ணீர் மட்டம் ஏறி, அந்த வாய் வழியாகக் காருக்குள் இறங்கிவிடும். நம் ஊர்க் கார்கள் பெரும்பாலானவற்றில் ஏசி ஊதுவிசிறி இடது பக்க டேஷ்போர்டுக்குப் பின்னால் இருப்பதால் இடது கால் பக்கம்தான் முதலில் நனையும்.

வாரா வாரம் நாம் கழுவித் துடைப்பது பாகங்களின் முகத்தை மட்டும்தான். காரை அரிக்கும் அழுக்கு அவற்றின் முதுகுப்பக்கம், தகரத்தோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் தொடங்கும் முன் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். கவுல், வீல் ஆர்ச் கிளாடிங் (சக்கரத்தைச் சுற்றி வளைவில் வரும் பிளாஸ்டிக்), சைடு பீடிங் (கதவின் வெளிப்பக்கம் ஓடும் நீளப் பட்டி) ஆகிய மூன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். சென்சார் உள்ள பம்பரையும் கேமரா உள்ள பக்கக் கண்ணாடியையும் முதல் முயற்சியிலேயே தொட வேண்டாம்.

தேவையானவை

பிளாஸ்டிக் நெம்புகோல் செட் ஒன்று கட்டாயம் வேண்டும். இரும்பு ஸ்க்ரூட்ரைவரால் நெம்பினால் பெயின்டில் கீறல் நிச்சயம். அதோடு சாக்கெட் செட், பிளஸ் ஸ்க்ரூட்ரைவர், மாஸ்கிங் டேப், பழைய டூத்பிரஷ், மெல்லிய முடியுள்ள பெரிய பிரஷ், மைக்ரோஃபைபர் துணி, கார் ஷாம்பு, கையுறை, முகக்கவசம், பழைய பெட்ஷீட் ஒன்று. இந்தப் பாகங்களைக் கார் உடலோடு பிடித்து வைத்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளையும் உங்கள் காருக்கு ஏற்றபடி முன்கூட்டியே பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைக் கழற்றி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் காட்டினால் அதே அளவில் கொடுப்பார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒன்றிரண்டு உடையும்.

காரை அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, பிறகு நிழலுக்குக் கொண்டுவந்து வேலையைத் தொடங்குங்கள். இளஞ்சூட்டில் பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். ஊட்டிக் குளிரில் விடியற்காலையில் இதே வேலையைச் செய்தால் கிளிப்புகள் படபடவென்று முறியும்.

படி 1: வைப்பர் கையைக் கழற்றுங்கள்

வைப்பரை ஒரு முறை ஓடவிட்டு, அது தன் இடத்தில் வந்து படுத்ததும் நிறுத்துங்கள். ஏசியை உள்காற்றுச் சுழற்சியில் வைத்துவிட்டு சாவியை எடுத்துவிடுங்கள். வைப்பர் எந்த இடத்தில் படுத்திருக்கிறதோ, கண்ணாடியில் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் திரும்ப மாட்டும்போது வைப்பர் பானெட்டிலோ கண்ணாடி ஓரத்திலோ போய் இடிக்கும். மொபைலில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வைப்பர் கையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதைத் தூக்கினால் நட்டு தெரியும். நட்டை முழுவதும் கழற்றாமல் சில சுற்று மட்டும் தளர்த்திவிட்டு, கையைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டுங்கள். அச்சின் பல்லிலிருந்து விடுபட்டதும் நட்டை எடுத்துவிடலாம். அசையாவிட்டால் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து பத்து நிமிடம் காத்திருங்கள். கண்ணாடியில் ஊன்றி நெம்பவே கூடாது. வேலை முடியும்வரை கண்ணாடியின் மேல் மடித்த துண்டு ஒன்று கிடக்கட்டும். தூக்கி நிறுத்திய வைப்பர் கை ஸ்பிரிங் வேகத்தில் வெறுங்கண்ணாடியில் விழுந்தால் விரிசல் விட்டுவிடும். இடது, வலது வைப்பர் கைகள் பல கார்களில் ஒரே அளவில் இருக்காது, அதனால் எது எந்தப் பக்கம் என்று டேப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

படி 2: கிளிப்பை உடைக்காமல் எடுப்பது

புதிதாகச் செய்பவர்கள் திணறும் இடம் இதுதான். எல்லாக் கிளிப்பும் ஒரே மாதிரி வராது, எனவே நெம்பும் முன் அதன் நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள்.

நடுவில் பிளஸ் வெட்டு இருந்தால் ஸ்க்ரூவைப் போல லேசாகத் திருப்பி, நடு ஊசியை மேலே தூக்க வேண்டும். தலையின் ஓரத்தில் நெம்புவதற்குச் சின்னப் பள்ளம் இருந்தால் முதலில் நடு ஊசியை நெம்புங்கள், அது எழும்பிய பிறகு முழுக் கிளிப்பையும் எடுங்கள். வெட்டும் இல்லை, பள்ளமும் இல்லை, நடு ஊசி சமதளமாக இருக்கிறது என்றால் அதை உள்ளே அழுத்த வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் போனதும் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், பிறகு கிளிப் கையோடு வந்துவிடும். அதற்கு மேல் அழுத்தினால் ஊசி உள்ளே விழுந்து தொலைந்துபோகும். இந்த மூன்றாவது வகையைத் திரும்ப மாட்டும்போது, ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்து, கிளிப்பைத் துளையில் செருகிய பிறகு ஊசியைத் தலையோடு சமமாக அழுத்துங்கள்.

கிளிப்புகளை எடுத்ததும், பானெட் ஓரத்தில் ஓடும் ரப்பர் பட்டியைக் கையால் உருவுங்கள். கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் சிறு குழாய் சில கார்களில் கவுலோடு இணைந்திருக்கும், அதையும் பார்த்து விடுவியுங்கள். கவுல் இரண்டு துண்டாக இருந்தால் மேலே ஏறியிருக்கும் துண்டு முதலில் வர வேண்டும். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, கை கையாக நகர்ந்து தூக்குங்கள். எங்காவது பிடித்தால் இழுக்காதீர்கள். கண்ணில் படாத கிளிப் ஒன்று அங்கே மீதி இருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள்

முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆர்வத்தில் எல்லாரும் செய்யும் தவறு இது. ஊற்றினால் சருகெல்லாம் கூழாகி நேராகத் துளைக்குள்தான் போய் இறங்கும். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு ஏசி வாயை ஒரு துணியால் மூடுங்கள். பிறகு சருகைக் கையால் அள்ளி எடுங்கள். மிச்சத்தை வாக்குவம் கிளீனர் இழுத்துக்கொள்ளும்.

நம் ஊரில் இந்த இடம் எலிக்கும் பிடித்த இடம். பஞ்சு, துணிக்கிழிசல், புழுக்கை ஏதாவது கண்ணில் பட்டால் வாக்குவமும் வேண்டாம், காய்ந்த நிலையில் பெருக்கவும் வேண்டாம். கிருமிநாசினி கலந்த தண்ணீரைத் தெளித்து, நன்றாக ஊறிய பிறகு காகிதத்தால் வழித்து ஒரு பையில் கட்டிப் போடுங்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. அப்படியே வயர்களில் எலிப்பல் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது துளைகளைத் தேடுங்கள். இடது ஓரம், வலது ஓரம், சில கார்களில் நடுவிலும் உண்டு. நைலான் கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றினால் அடைப்பு இளகும். காற்றழுத்தம் வேண்டாம். துளையின் கீழே இருக்கும் ரப்பர் மூக்கு கழன்றுபோய்விடும். பிறகு வைப்பர் மோட்டாரின் மேல் படாமல், ஒரு குவளைத் தண்ணீரை ஓரமாக ஊற்றுங்கள். சில நொடிகளில் முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் தண்ணீர் கொட்ட வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். இடது பக்கம் அந்தத் தண்ணீர் விழுந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தொட்டியில் பழுப்பு நிறத்தில் துருப் புள்ளி இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து, துரு மாற்றி (ரஸ்ட் கன்வெர்ட்டர்) தடவி, காய்ந்ததும் பிரைமரும் டச்சப் பெயின்டும் கொடுங்கள். புள்ளியாக இருக்கும்போது இது அரை மணி நேர வேலை. ஓட்டையாகிவிட்டால் டிங்கரிங் வேலையாகிவிடும்.

படி 4: கழற்றிய பாகங்களைக் கழுவுங்கள்

பாகத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் சிறிய எழுத்துகளில் அதன் வகை அச்சாகியிருக்கும். பெயின்ட் அடிக்காத கறுப்பு பாகங்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனும் இபிடிஎம் ரப்பரும் கலந்தவை. குரோம் போல மின்னும் பாகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் (பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு). மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டுத் துடைத்தால் பம்பர் கறுப்பாகிவிடும் என்று நம் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இபிடிஎம் உப்பிப்போகும். தின்னர் பட்டால் ஏபிஎஸ் இளகி வெடிப்பு விடும்.

ஷாம்பு கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பிரஷ்ஷால் எல்லாத் திசையிலும் தேய்த்தாலே முக்கால்வாசி அழுக்கு போய்விடும். போகாத இடங்களுக்கு ஆல் பர்ப்பஸ் கிளீனர் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு. அதை முதலில் பின்பக்க மூலை ஒன்றில் சோதித்துப் பாருங்கள், காயவும் விடாதீர்கள். போர்வெல் தண்ணீரின் வெள்ளைக் கறைக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து தடவி, ஒரு நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

வெளுப்பில் இரண்டு வகை உண்டு. பெயின்ட் ஓரத்தையொட்டித் திட்டுத் திட்டாக இருப்பது பாலிஷ் காய்ந்து ஒட்டியது, அது பிரஷ்ஷுக்குப் போகும். பாகம் முழுக்க ஒரே மாதிரி சாம்பலாகி, நனைத்தால் கறுப்பாகி, காய்ந்தால் மறுபடி சாம்பலாவது வெயில் தின்றது. அதைக் கழுவி எடுக்க முடியாது. அதற்கென்றே விற்கும் டிரிம் கோட்டிங்கைச் சுத்தமான, காய்ந்த பாகத்தில் மெல்லிசாகத் தடவலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் அடுத்த நாளே தூசியை இழுத்துக்கொள்ளும்.

கழுவிய பாகங்களைப் பெட்ஷீட்டில் மட்டமாகப் படுக்கவைத்து நிழலில் காயவிடுங்கள். நீளமான கவுலைச் சுவரில் சாய்த்து உச்சி வெயிலில் விட்டால் வளைந்துபோய், கண்ணாடி ஓரத்தில் உட்காராது.

படி 5: வீல் ஆர்ச் கிளாடிங்

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் சக்கரத்தைக் கழற்றாமலேயே கை போகும். மட் ஃபிளாப்பில் இருக்கும் ஸ்க்ரூ, உள்பக்க விளிம்பில் இருக்கும் ஸ்க்ரூ அல்லது கிளிப், எல்லாவற்றையும் எடுங்கள். கிளாடிங்கைச் சுற்றிப் பெயின்டில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு முனையிலிருந்து, உடலுக்கு நேர் எதிராக வெளிப்பக்கம் இழுத்து ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். சில கிளிப்புகள் கார் உடலிலேயே தங்கிவிடும். அவற்றை எடுத்துத் திரும்பவும் கிளாடிங்கில் மாட்டிய பிறகுதான் பொருத்த வேண்டும்.

உள்ளே மண் கோடாகப் படிந்திருக்கும். துணியால் துடைக்காதீர்கள், அந்த மணலே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். தண்ணீரை ஓடவிட்டு மண்ணைக் கரைத்து இறக்கிய பிறகு ஷாம்பு. கடற்கரையோரம் வண்டி ஓட்டுபவர்கள் இந்த இடத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து பார்ப்பது நல்லது. நன்றாகக் காய்ந்ததும் பெயின்ட் பகுதியில் வேக்ஸ் தடவி மாட்டுங்கள்.

படி 6: சைடு பீடிங்

இது டபுள் சைடு டேப்பில் ஒட்டியிருப்பது. உறுதியாக இருந்தால் விட்டுவிடுங்கள், ஓரங்களை டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஒரு முனை பெயர்ந்திருந்தால் மட்டும் கழற்றலாம். பழைய இடத்தின் மேல்விளிம்பை டேப்பால் குறித்துக்கொள்ளுங்கள். ஹேர் டிரையரால் கை தாங்கும் சூடு வரும்வரை காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம் போல இழுத்து அறுங்கள். மிச்சப் பசையைக் கட்டைவிரலால் உருட்டி எடுக்க வேண்டும், பிளேடு வேண்டாம்.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து இரண்டு பரப்பையும் துடைத்து, புதிய அக்ரிலிக் ஃபோம் டேப் ஒட்டுங்கள். பீடிங் பாலிப்ரொப்பிலீன் என்றால், பசை பிடிக்க முதலில் தடவும் பிரைமர் இல்லாமல் டேப் நிற்காது. சூப்பர் க்ளூவும் அதில் சரியாகப் பிடிக்காது, போதாக்குறைக்குச் சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும். குறித்த கோட்டில் வைத்து, முழு நீளத்துக்கும் உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். அந்தப் பசை முழுப் பிடிப்புக்கு வர சுமார் 72 மணி நேரம் ஆகும். அதுவரை காரைக் கழுவக் கூடாது.

படி 7: திரும்ப மாட்டுவது

கவுலின் மேல்விளிம்பு கண்ணாடி ஓரத்தில் முழு நீளமும் உட்கார்ந்த பிறகுதான் கிளிப்புகளைப் போடுங்கள். ஏசி வாயை மூடிய துணியை எடுத்தாயிற்றா என்று அதற்கு முன் பார்த்துவிடுங்கள். தண்ணீர்க் குழாய், ரப்பர் பட்டி, பிறகு வைப்பர். கண்ணாடியில் ஒட்டிய அடையாளத்துக்கு நேராக வைத்து நட்டை இறுக்கி, கண்ணாடியை நனைத்துவிட்டு ஒரு முறை ஓடவிடுங்கள். சரியாக வந்து படுத்தால் டேப்பை உரிக்கலாம்.

அப்புறம் ஒரு வாளித் தண்ணீரை முன்கண்ணாடியில் மெதுவாக ஊற்றி, இரண்டு பக்கமும் கீழே கொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். பத்து நிமிடம் கழித்து இடது பக்க மிதியடியைத் தூக்கி, கார்பெட்டில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். காய்ந்திருக்க வேண்டும்.