தொழிலுக்கு ஒரு கோச் வைக்கலாமா?
சிறுதொழில் நடத்துபவரிடம், 'போன வாரம் செய்கிறேன் என்றீர்களே, செய்தீர்களா?' என்று கேட்க யாரும் இருப்பதில்லை. நல்ல கோச் முதலில் செய்வது இதைத்தான். விலையை உயர்த்துவது, வராத பாக்கியைக் கேட்பது, ஒரு பொறுப்பை முழுசாக ஊழியரிடம் விடுவது என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டவை அந்தக் கேள்விக்காகவே நடந்துவிடும். வரி, கணக்குச் சிக்கல் என்றால் கோச் வேண்டாம், ஆடிட்டரிடம் போங்கள்.

யார் வேண்டுமானாலும் 'கோச்' என்று போர்டு மாட்டிக்கொள்ளலாம் என்பதால் சான்றிதழைக் கேளுங்கள். சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பான ஐ.சி.எஃப்.பின் தொடக்கநிலைச் சான்றுக்கே 100 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் வேண்டும்; அடுத்த நிலைக்கு 500. பணம் கட்டும் முன் ஒருமுறை பேசிப் பாருங்கள். முழு நேரமும் அவரே பேசினால் வேறு ஆளைத் தேடுங்கள்.