யோகோஹாமாவில ஒரு நாள் ஷோர் லீவ் கிடைச்சா

ஷோர் லீவ்னா, கப்பல் துறைமுகத்துல நிக்கிறப்போ ஊருக்குள்ள போய் வர கிடைக்கிற லீவ். கேங்வே, அதான் கப்பல்லேந்து இறங்குற படி, அது பக்கத்துல ஒரு பலகை மாட்டி, எத்தனை மணிக்குள்ள கப்பலுக்குத் திரும்பணும்னு எழுதி வச்சிருப்பாங்க. இறங்குற ராயபுரம், காசிமேடு தம்பிங்க முதல்ல பாக்க வேண்டியது அதைத்தான். நான் சீஃப் குக்கா பல வருஷம் கப்பல்ல இருந்தவன். முதல் தடவை யோகோஹாமாவில இறங்கினதும் நேரா டோக்கியோவுக்கு ஓடினேன். மூணு ரயில் மாறி, தப்பான வாசல்ல வெளிய வந்து, ஒரு பாலத்தடியில நின்னு நூடுல்ஸ் தின்னுட்டுத் திரும்பினேன். ஒன்றரை மணி நேரம் லேட். அடுத்த ரெண்டு துறைமுகத்துக்கு எனக்கு இறங்க பர்மிஷன் கிடையாது. அதனால சொல்றேன், டோக்கியோவை விட்டுடுங்க. இந்த ஊரையே நடந்து பாருங்க.

கன்டெய்னர் கப்பல்னா பெரும்பாலும் ஹொன்மொகுங்கிற துறைமுகப் பக்கம்தான் கட்டுவாங்க. காலையிலேயே லீவ் கிடைச்சா, அங்கேந்து கிட்ட இருக்குற சாங்கெயென் தோட்டத்துக்குப் போயிடுங்க. ஹாரான்னு ஒரு பட்டு வியாபாரி போட்ட தோட்டம், 1906-ல ஜனங்களுக்குத் திறந்துவிட்டாரு. குளத்துக்குப் பின்னாடி மேட்டுல மூணு அடுக்குக் கோபுரம் ஒண்ணு தெரியும். 1457-ல கட்டினது, கியோட்டோ பக்கத்துக் கோயில்லேந்து பிரிச்சுக் கொண்டாந்து 1914-ல இங்க நிறுத்தினாங்க. 1916-ல தாகூர் ஜப்பான் வந்தப்போ ஹாரா வீட்டு விருந்தாளியா இங்கதான் தங்கினாரு. மதியத்துக்கு மேலதான் லீவ்னா இதை விட்டுடுங்க, கடற்கரைதான் முக்கியம்.

பஸ்ல ஏறும்போதே முன் வாசல்ல காசு போடணும். சில்லறை தனியா ஒரு பாக்கெட்ல இருக்கட்டும். யமஷிதா பூங்காவில இறங்குங்க. இறங்கினதும் எல்லாரும் கடலைப் பாத்து போட்டோ எடுப்பாங்க. நீங்க கொஞ்சம் காலடி மண்ணைப் பாருங்க. 1923 செப்டம்பர் 1, மதியம் 11:58-க்கு இந்த ஊரை நிலநடுக்கம் தூக்கிப் போட்டுச்சு. சமையல் நேரம், வீட்டுக்கு வீடு அடுப்பு எரிஞ்சிட்டு இருந்துச்சு. இடிஞ்சதோட தீயும் சேர்ந்துக்கிச்சு. நான் அடுப்படியிலேயே வாழ்ந்தவன், அந்த 11:58-ஐ மறக்கவே முடியல. அந்த இடிபாட்டையெல்லாம் கடல்ல கொட்டி, அது மேலதான் 1930-ல இந்தப் பூங்கா வந்துச்சு.

அங்கேயே ஓரமா நம்ம ஊர் மண்டபம் மாதிரி, தலையில கவிழ்த்த கிண்ணம் வச்ச சின்னக் கட்டடம் ஒண்ணு இருக்கும். ‘இந்து சுய்தோ’ன்னு கேளுங்க, இந்தியத் தண்ணீர் கோபுரம்னு அர்த்தம். நிலநடுக்கத்துல இங்க இருந்த நம்ம நாட்டு வியாபாரிங்களும் செத்தாங்க. மிச்சம் இருந்தவங்களுக்கு ஊர் ஜனங்க கை கொடுத்தாங்க. அந்த நன்றிக்கு, செத்தவங்க ஞாபகமா, 1939-ல இந்தியருங்க கட்டிக் கொடுத்தது. வெளிய நின்னு பாத்துட்டு நகராதீங்க. உள்ள போய் அண்ணாந்து பாருங்க, கூரை முழுக்க சின்னச் சின்ன ஓடு பதிச்ச வேலை. பத்துல ஒம்பது பேர் அதைப் பாக்காமலேயே போறாங்க.

மும்பைக்கும் யோகோஹாமாவுக்கும் 1965-லேந்து சகோதரி நகர உறவு. மெட்ராஸுக்கு அது கிடையாது. பாம்பே பசங்க இதைச் சொல்லியே கப்பல்ல வம்பிழுப்பாங்க. நான் ரயிலைச் சொல்வேன். ஜப்பானோட முதல் ரயில் 1872-ல டோக்கியோ ஷிம்பாஷிக்கும் இந்த ஊருக்கும் ஓடுச்சு. அன்னைக்கு யோகோஹாமா ஸ்டேஷன் இருந்த இடம்தான் இப்போ சகுராகிச்சோ. நம்ம ராயபுரம் ஸ்டேஷன் 1856, பதினாறு வருஷம் மூத்த அக்கா! உடனே பாம்பே பையன், எங்க பாம்பே-தானே ரயில் 1853-ம்பான். அந்தச் சண்டை முடியாது. ஆனா ஊர் முளைச்ச கதையைக் கேட்டா காசிமேட்டுக்காரனுக்குத்தான் நெருக்கம். 1854-ல அமெரிக்கக் கப்பல்படை வந்து ஒப்பந்தம் போட்டப்போ இது சின்ன மீன்பிடி குப்பம். 1859-ல துறைமுகம் திறந்தாங்க, அதுக்கப்புறம்தான் இந்த ஆட்டமெல்லாம்.

பூங்காவை ஒட்டியே ஹிகாவா மாரு நிக்குது. 1930-லேந்து சியாட்டிலுக்கு ஓடின பயணிக் கப்பல். கூடப் பிறந்த கப்பல் ரெண்டும் ரெண்டாம் உலகப் போர்ல முழுகிப் போச்சு. இது ஆஸ்பத்திரிக் கப்பலா ஓடித் தப்பிச்சுது. திங்கக்கிழமை லீவு, மத்த நாள்ல நாலரைக்குள்ள உள்ள போயிடணும். எஞ்சின் ரூம் பசங்க கீழே போனா மேல வரமாட்டாங்க. நான் முதல் வகுப்பு சாப்பாட்டு ரூம்லயே நின்னேன். மேசை விரிப்பு, தட்டு வரிசை, கத்தி, முள்கரண்டி எல்லாம் பாத்துட்டு, நம்ம மெஸ் ரூம்ல எவர்சில்வர் தட்டு வீசுறதை நினைச்சுச் சிரிச்சேன்.

பசிக்கும். பின்னாடி தெருவுக்குப் போனா சைனா டவுன். ஆவி பறக்குற பெரிய நிகுமான், அதான் கறி வச்ச பன், வாங்குங்க, ஆனா உள்ள பன்றிக் கறி. ஒத்துக்காதவங்க எதையும் வாயில வைக்கிறதுக்கு முன்னாடி ‘புதா?’ன்னு, அதாவது பன்றியான்னு, கேட்டுடுங்க. சைவம்னா ரொம்ப உஷார், காய் சூப்புலயும் மீன் சாறு இருக்கும். குப்பைத் தொட்டி தேடி அலையாதீங்க, தெருவில கிடைக்காது. கவர் ஒண்ணு கையில வச்சுக்குங்க.

சாப்பிட்டதும் ஓசன்பாஷி கப்பல் மேடை. கூரை முழுக்க மரப்பலகை, ஏற்றமும் இறக்கமுமா திமிங்கில முதுகு மாதிரி வளையும். காசு கிடையாது. சாயந்திரம் அங்க உக்காந்தா, 1911-லயும் 1913-லயும் கட்டின பழைய சுங்கச் செங்கல் கிடங்கு ரெண்டும் விளக்குல சிவக்கும். இப்போ உள்ள கடைங்கதான், நமக்குக் கட்டுப்படியாகாத விலை. வெளியவே நின்னு பாத்தா போதும்.

பலகையில எழுதின நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே பஸ் பிடிச்சுடுங்க. ஹொன்மொகு கேட் வந்துட்டா கப்பல் வந்த மாதிரி இல்ல. கன்டெய்னர் அடுக்கி வச்ச யார்டுக்குள்ள நடக்க விட மாட்டாங்க, வண்டி வர்ற வரைக்கும் கேட்லயே நிக்கணும்.