திறப்பு விழாவுக்கு மறுநாள் தொடங்கும் தவறுகள்

பூங்காவோ விளையாட்டு மைதானமோ திறக்கும் நாளில் கூட்டத்துக்குக் குறைவிருக்காது. ஆறு மாதம் கழித்து ஊஞ்சல் கொக்கி தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இருக்காது. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கிவிட்டுப் பராமரிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் முதல் தவறு.

ஏதாவது ஓர் ஊஞ்சலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். குழந்தைகள் காலை உரசி நிறுத்தும் இடத்தில் மணல் விலகிக் குழி விழுந்திருக்கும். ஓரங்களில் ஒரு சாண் மணல் கிடக்கும். விழுகிற இடத்தில் கட்டாந்தரை தெரியும். மணல் கொட்டியதற்குக் கணக்கு இருக்கும். அதை இழுத்துச் சமப்படுத்தும் வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைத்திருக்க மாட்டார்கள். ஒரு மண்வெட்டியும் அரை மணி நேரமும் போதும். அப்படியே வெயில் நேரத்தில் உலோகச் சறுக்குமரத்தில் புறங்கையை வைத்தும் பார்த்துவிடலாம்.

நகர்த்தக்கூடிய கால்பந்து கோல் கம்பத்தைத் தரையோடு பிணைக்காமல் விடுவது இதைவிட ஆபத்தானது. குறுக்குக் கம்பியில் ஒரு சிறுவன் தொங்கினாலே அது முன்பக்கம் கவிழ்ந்துவிடும். இப்படி உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. ஆட்ட நேரத்தில் நங்கூரம் அடித்திருக்க வேண்டும்; மற்ற நேரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்க வேண்டும்.

மழையில் ஊறிய புல்தரையில் ஆடவிட்டால் மண் இறுகிவிடும். பிறகு வேருக்குக் காற்றும் போகாது, தண்ணீரும் இறங்காது. ‘இன்று ஆட்டம் இல்லை’ என்று சொல்லும் அதிகாரம் தரையைப் பார்த்துக்கொள்பவரிடம் இருக்க வேண்டும், போட்டி நடத்துபவரிடம் அல்ல. இடி கேட்டால் யோசிக்கவே வேண்டாம்: எல்லோரும் உள்ளே. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மைதானம்.

சிறுவர் அணித் தேர்வில் நடக்கும் தவறு கண்ணுக்கே தெரியாது. வயதைக் கணக்கிடும் நாள் ஜனவரி 1 என்றால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். ஒன்பது வயதில் அந்தப் பதினோரு மாதம் பெரிய இடைவெளி. உயரமாக இருப்பவனைத் திறமைசாலி என்று எடுத்துக்கொள்கிறோம். நல்ல பயிற்சியும் அவனுக்கே போகிறது. 1980களில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளை ஆராய்ந்தபோது, ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் இருந்தது தெரியவந்தது. பத்து வயதில் ஒருவனைக் கழித்துவிட இவ்வளவு அவசரம் ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பெரியவர்களின் கருவியைப் பிள்ளைகளிடம் தருவதும் இதே ரகம்தான். 3.05 மீட்டர் உயரக் கூடைப்பந்து வளையத்துக்குச் சிறு பிள்ளை பந்தை இடுப்பிலிருந்துதான் தூக்கி எறியும். அந்தப் பழக்கத்தை மாற்றப் பின்னர் வருடங்கள் ஆகும். சிறுவர்களுக்கான மினி கூடைப்பந்தில் வளையத்தை 2.60 மீட்டரில் வைப்பதும் அளவில் சிறிய 5ஆம் எண் பந்தைத் தருவதும் இதற்காகத்தான்.

முன்பதிவு ஏட்டையும் புரட்டிப் பாருங்கள். மாலை ஐந்து மணி முழுக்கப் பழைய மன்றங்களின் பெயரில் இருக்கும். பெண் பிள்ளைகளுக்கு மிச்சம் கிடப்பது நண்பகல். போதாக்குறைக்குக் கழிப்பறை பூட்டியிருக்கும். சாவி யாரிடம் என்று கேட்டால், காவலர் அலுவலகத்தைக் கைகாட்டுவார். அலுவலகம் ஐந்து மணிக்கே மூடியிருக்கும்.